மாத்திரைக்குப் பதிலாகச் செம்பருத்தி

தேதிகளை நான் மறப்பதில்லை. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த மாதம், அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் இருந்த புளியமரம் சாய்ந்த கிழமை, செம்பரம்பாக்கம் ஏரி எந்தெந்த வருடம் ததும்பியது, எந்தெந்த வருடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது என்று யார் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். தெருவில் பந்தயம் கட்டுகிறவர்கள் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனிடம், அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், ஓர் இளம் பெண் டாக்டர் கேட்டார்: "அம்மா கடைசியா எப்ப சார் பிரஷர் மாத்திரை போட்டாங்க?"

எனக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. இப்போது தீபாவளியும் முடிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

பதில் சொன்னவள் என் மனைவி சரோஜா. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "இன்னிக்குக் காலைல கூட போட்டுகினுதான் வந்தேன் டாக்டரம்மா. ஒரு வேளை கூட தப்பினதில்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். 'உங்களை விட்டுக்கொடுத்துவிடவில்லை, பயப்படாதீர்கள்' என்பது போன்ற பார்வை. மூச்சுத் திணறுகிற ஒருத்தி மூச்சைச் செலவழித்து என் மானத்தைக் காப்பாற்றினாள். அதை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு படிப்பதுதான் வேலை. சரித்திரம், தாவரம், மருத்துவம் என்று கையில் கிடைப்பதை எல்லாம் படிப்பேன். அப்படித்தான் செம்பருத்தித் தேநீரைப் பற்றியும் படித்தேன். காபி, டீயில் இருக்கிற காபின் அதில் இல்லை. சர்க்கரை போடாமல் குடித்தால் உடம்புக்குக் கெடுதி இல்லை. லேசான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசலிலோ மதில் உயரத்துக்கு ஒரு செம்பருத்திச் செடி, தினமும் கை கொள்ளாமல் பூக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

இதழ்களை மட்டும் ஆய்ந்து, மாடியில் வெள்ளைத் துணி விரித்து நிழலில் உலர்த்தினேன். கொதிக்கும் நீரில் போட்டு, நிறம் இறங்கியதும் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த நீர் சிவந்து மின்னும். காலை நடைக்கு வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். நடந்துகொண்டே அதன் நன்மைகளை விளக்குவேன். ஒரு மாதத்துக்குள் என் பெயர் போய், நான் 'செம்பருத்தி சார்' ஆனேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சரோஜாவுக்குப் பல வருடங்களாக ரத்த அழுத்தம். தினம் இரண்டு மாத்திரை. தேநீர் குடிக்க ஆரம்பித்ததும் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினேன். பிறகு ஒன்றை நிறுத்தினேன். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளோடு மற்றதும் நின்றது. "டாக்டரைக் கேக்க வாணாமா?" என்றாள் ஒரே ஒரு தடவை. "டாக்டர் மாத்திரையை நிறுத்துன்னு சொல்வாரா? அவங்க தொழிலே அதுதானே" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நான் படித்தவன், என் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை.

வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தது. தினமும் காலையில் பார்ப்பேன். முதல் தடவை கூடுதலாகக் காட்டினால், "இப்பதானே மாடி ஏறி வந்தே, கொஞ்சம் உக்காரு" என்பேன். மறுபடி பார்ப்பேன். அதுவும் கூடினால் "பட்டை சரியா சுத்தல" என்று அவிழ்த்துக் கட்டுவேன். மூன்றாவது தடவை கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த எண்ணைத்தான் சத்தமாகச் சொல்வேன். அதுவே அன்றைய அளவு. தொழிற்சாலையில் மூன்றாவது தடவை வைத்துப் பார்த்தால்தான் அளவுக்குள் பொருந்துகிறது என்று ஒருவன் ஒரு பாகத்தைக் கொண்டுவந்தால், அதைக் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லி அனுப்பியவன் நான். என் வேலைக்காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன். வீட்டில் அதற்கு நேர்மாறாகச் செய்தேன்.

புரட்டாசியில் அவளுக்குத் தலைவலி வந்தது. வெயில் என்றேன். கால் வீங்கியது. உட்கார்ந்தே இருக்கிறாய் என்றேன். ஐப்பசியில் ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், "ஏங்க, இந்தப் பக்கம் புள்ளி வெச்சேனா, வெக்கலியா? ஒண்ணும் தெரில" என்றாள். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

தீபாவளி கழிந்த வியாழக்கிழமை, தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க அம்பத்தூருக்குக் கிளம்பினோம். அண்ணனூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பேச முயன்றால் இருமல் வந்தது. கீழே ரயில் வந்து நின்று, போய்விட்டது. பூ விற்கிற பெண்ணும் இன்னொருவரும் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். "இன்னா சார், இவ்ளோ மூச்சு வாங்குது, இத்தினி நாளா பாக்கலியா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "சீக்கிரம் போங்க" என்றேன்.

மருத்துவமனையில் அவளுக்கு ரத்த அழுத்தம் இருநூற்று இருபதுக்கு நூற்று இருபது இருந்தது. மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களில் இருக்கும் அழுத்தம். கீழ் எண், அது தளர்ந்திருக்கும்போது இருப்பது. அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அதனால்தான் மூச்சுத் திணறல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அழுத்தத்தை இறக்கும் மருந்தைக் கை நரம்பின் வழியே சிறுகச் சிறுக ஏற்றினார்கள். ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுமாம். அதனால் அவசரம் இருந்தும் அவசரப்படக் கூடாது.

வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். உள்ளே நோயாளியைப் பார்க்கக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்போம். கூப்பிடுவது வேறு யாருடைய பெயராவதாக இருக்கும், உட்காருவோம். என் மகள் கவிதா வேலை பார்க்கும் அலுவலகம் பக்கத்தில்தான். அவளே காப்பீட்டுக்காரர்களோடு பேசினாள், காப்பீட்டில் வராததைத் தன் கையிலிருந்து கட்டினாள், எனக்குத் தயிர்சாதமும் சட்டையும் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீ ஒண்ணும் உன்ன நொந்துக்காதப்பா. தெனமும் அம்மாவுக்கு பிரஷர் பாத்து எவ்ளோ கவனமா இருந்த. உன்ன மாதிரி யாருப்பா பாப்பாங்க?"

நான் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அந்த மகளிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதனைகள். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைத் திரையில் பார்ப்பது. இதயச் சுவர் தடித்திருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் விளக்கடித்துப் பார்த்தார்கள். இடது கண்ணின் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. கோலப் புள்ளி தெரியாமல் போனது அதனால்தான். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தது. அது தசைகளிலிருந்து வருகிற ஒரு கழிவு. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தங்கிவிடும்.

மாலையில் அதே டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு மாத்திரை தவறாம போட்டும் இவ்ளோ ஏறுதுன்னா, வேற காரணம் இருக்கணும். கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தா இப்படி ஆகலாம். சாதா ஸ்கேன்ல சரியா தெரியல. நாளைக்கு சாயம் ஏத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கணும்."

"அதுல ஏதாவது கெடுதல்..."

"கிட்னி ஏற்கெனவே சோர்ந்திருக்கு. அந்தச் சாயம் இன்னும் கொஞ்சம் கெடுக்க வாய்ப்பு இருக்கு. அதுக்குத்தான் யோசிக்கிறேன். ஆனா மாத்திரை போட்டும் கேக்கலன்னா, காரணம் தெரியாம விடவும் முடியாதே?"

இரண்டு தடவை 'மாத்திரை போட்டும்' என்றார். இரண்டு தடவையும் எனக்கு வழி திறந்துவிட்டார். எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "சரிங்க டாக்டர்" என்று சொல்லி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் காதர் பாய் நிற்கிறார். என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது பூந்தமல்லியில் தம்பியின் மெத்தைக் கடையில் உட்கார்கிறார். அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. கையில் பிளாஸ்க்.

"அண்ணாத்தே, இன்னா இப்டி ஆயிட்ச்சு? அண்ணி எப்டி கீறாங்க? இந்தா, உங்க பூவுலயே டீ போட்டு எடுத்தாந்தேன். ஊட்டுக்காரி சுடச்சுட ஊத்திக் குட்த்தா. வைத்தியருக்கே வைத்தியமா, ஹாங்?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நீங்க சொன்னதுலேர்ந்து நானும் பாதி மாத்திரைதான் அண்ணாத்தே. பொறந்த நாள்லேர்ந்து படிக்கிற மனுசன் சொல்றாரு, தப்பாவா இருக்கும்? அடுத்த மாசம் மொத்தமா வுட்ரலாம்னு கீறேன்."

பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தேன். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. "விட்டுடாதீங்க பாய்" என்ற இரண்டு சொற்களை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். காரணம் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூச்சு சீராகியிருந்தது. பச்சை அங்கி தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே வேறொருவருக்கு நடந்துகொண்டிருந்ததால் வாசலில் காத்திருந்தோம். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இன்னாங்க, உள்ள சாயம் ஊத்துவாங்களாமே?"

"ஆமா. நரம்பு வழியா."

"சிவப்பாவா இருக்கும்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க டீ மாதிரி?"

அந்தச் சிரிப்பில் குத்தல் ஏதும் இல்லை. பயத்தை மறைக்க ஏதோ பேச வேண்டும் என்று பேசினாள். ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போய்ச் சொன்னேன்.

"டாக்டர், அவ மாத்திரையே போடல. ஆடி மாசத்துலேர்ந்து. நான்தான் நிறுத்தினேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் போனை எடுத்து, "அந்த சி.டி.யை நிறுத்துங்க. சாயம் ஏத்தியாச்சா? இல்லியே? சரி, நிறுத்துங்க" என்றார். போனை வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் மிச்சத்தையும் சொன்னேன். செம்பருத்தி, மூன்றாவது அளவு, எல்லாம்.

"ரெண்டு நாளா ஏன் சார் சொல்லல?"

"வெக்கமா இருந்தது."

"மாத்திரையை நிறுத்தினதே காரணமா இருக்கலாம். மறுபடி ஆரம்பிச்சு எப்படிக் கேக்குதுன்னு பாப்போம். கேக்கலன்னா அப்புறம் சி.டி. பத்தி யோசிக்கலாம்" என்றார். பிறகு, "நீங்க படிச்சது எந்தச் செம்பருத்தி?" என்று கேட்டார்.

அதுவும் எனக்குத் தெரியும். பெரும்பாலான ஆய்வுகளில் பேசப்பட்டது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சக்கீரையோடு சேர்ந்த வகையில் ஒரு செடி. அதன் பூவைத் தாங்கும் சிவந்த, சதைப்பற்றான புல்லிவட்டத்தைத்தான் காய்ச்சுகிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. படிக்கும்போதே கவனித்தேன். சின்ன வித்தியாசம் என்று தாண்டிப் போனேன். மாத்திரைக்கு மாற்று அல்ல என்று எழுதியிருந்த வரியையும் அப்படித்தான் தாண்டினேன்.

"டீ குடிக்கிறது தப்பில்ல சார்" என்றார் டாக்டர். "பிடிச்சா, அளவா குடிக்கலாம். ஆனா மாத்திரையோட சேரும்போது எதுவானாலும் எங்ககிட்ட சொல்லிட்டுக் குடிங்க. மாத்திரையை நிறுத்துறது மட்டும் நாங்க சொல்லாம கூடாது."

சரோஜாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வளையலை நீட்டினேன். வாங்கவில்லை.

"சொல்ட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"நான் அந்த டாக்டரம்மாகிட்ட அடிச்சு சொல்லிக்கீறேன், ஒரு வேளை தப்பினதில்லன்னு. இப்ப நான் இன்னாவா ஆனேன்? பொய்க்காரி. சொல்றதா இருந்தா மொத நாளே சொல்லிக்கணும். இல்லன்னா வுட்டுறணும்."

"வுட்டிருந்தா கிட்னி போயிருக்கும்டி."

"போவட்டும். இம்மா நாளு போவாததா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த டீ எனக்குப் புடிக்கவே புடிக்காது. ஒரே புளிப்பு. காலைல ஒரு வாய் காபி இல்லாம தல கனக்கும். புடிச்சிக்கீதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. செடி முதல் பூ பூத்த நாள் எனக்குத் தெரியும். எந்த மாதத்தில் இதழ் சீக்கிரம் உலர்கிறது என்று தெரியும். அவளுக்கு அது பிடித்திருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

அன்று மதியம் கவிதாவிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுப் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாளுக்கு முன் என் கையைப் பிடித்திருந்த கை அம்மாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தது. பிறகு காதர் பாய்க்குப் போன் செய்தேன்.

"பாய், முழு மாத்திரையும் போடுங்க. இன்னிலேர்ந்தே. முடிஞ்சா இன்னிக்கே டாக்டரைப் பாத்துடுங்க. சரோஜாவுக்கு இப்படி ஆனதே நான் மாத்திரையை நிறுத்தினதாலதான்."

அந்தப் பக்கம் கடையில் பஞ்சு அடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நம்ம இன்ஸ்பெக்‌ஷன் ஆளு பாஸ் பண்ணா கண்ண மூடிகினு அனுப்பலாம்னு கம்பெனில சொல்வோம்ல அண்ணாத்தே" என்றார் கடைசியில். "அத்த நெனச்சிதான் நானும் வுட்டேன்." பிறகு, "சரி, போட்டுக்கிறேன். அண்ணிய பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமைக்குள் பழைய இரண்டு மாத்திரைகளுக்கும் கூடச் சேர்த்த ஒன்றுக்கும் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. சி.டி. தேவைப்படவில்லை. கிரியேட்டினின் மெல்லக் குறைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கண்ணின் ஓரத்தில் இன்னும் ஒரு மங்கல் இருக்கிறது. முழுதாகப் போகுமா என்று கண் டாக்டர் உறுதி சொல்லவில்லை.

நடைக்குப் போன முதல் நாள், பொட்டலம் வாங்கியவர்கள் எல்லோரிடமும் நின்று சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர், "அப்ப அந்தப் பூவை என்ன சார் பண்றது?" என்று கேட்டார். "பிடிச்சா குடிங்க. மாத்திரையும் போடுங்க" என்றேன். செம்பருத்தி சார் என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. செடி வழக்கம் போலப் பூக்கிறது. சரோஜா பறித்துச் சாமி படத்துக்கு வைக்கிறாள்.

இதை எழுதும் இன்று காலை, அவள் அரை டம்ளர் காபி குடித்துச் சற்று நேரம் ஆன பிறகு, பிரஷர் மிஷினின் பட்டையை அவள் கையில் சுற்றினேன். காற்று ஏறி இறங்கியது. நூற்று ஐம்பத்து இரண்டு. டாக்டர் சொன்ன அளவைவிடக் கூடுதல். என் விரல் தானாகவே மறுபடி அந்தப் பொத்தானுக்குப் போனது. இப்போதுதானே வாசல் பெருக்கிவிட்டு வந்தாள் என்று மனத்தில் ஒரு விளக்கமும் வந்துவிட்டது.

"இன்னா வந்துது?" என்றாள். மிஷின் அவளுக்கு இடது பக்கம், திரை என்னைப் பார்த்து இருந்தது; அவளால் எண்ணைப் படிக்க முடியாது. நான் சொல்வதுதான் அவளுக்கு அளவு.

"நூத்தி அம்பத்திரெண்டு."

"கூடக் கீதே?"

"ஆமா. கூடத்தான் இருக்கு. டாக்டருக்குப் போன் பண்றேன்."

பட்டையை அவிழ்த்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாத்திரைக்காக உள்ளங்கையை நீட்டினாள்.